படிவத்தில் தட்டும் தமிழ் சிதையாமல் சேர: டேட்டாபேஸ் முதல் எக்செல் வரை முழு வழிகாட்டி

நீலகிரி மலையில் இப்போது எதற்கெடுத்தாலும் ஓர் ஆன்லைன் படிவம். பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயிகளின் உறுப்பினர் பதிவு, ஹோம்ஸ்டே முன்பதிவு, படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கான நன்கொடைப் பட்டியல் என்று குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பிள்ளைகளே எழுதித் தருகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். யாராவது தமிழில் பெயர் தட்டினால் மட்டும் மறுநாள் பட்டியலில் வரிசையாகக் கேள்விக்குறி நிற்கும்.

உடனே எல்லோரும் கை வைக்கும் இடம் திரை. ஃபாண்ட்டை மாற்றுவார்கள், அல்லது பெயரை அச்சிடும் வரியில் ஏதாவது ஒரு மாற்று ஃபங்ஷனைச் செருகுவார்கள். எழுத்து கெட்டது பெரும்பாலும் அதற்கு நாலு கட்டம் முன்னால். அதனால் இந்த வழிகாட்டி டேட்டாபேஸில் தொடங்கி வெளியே வருகிறது. உள்ளே தப்பாக விழுந்த கேள்விக்குறியை யாராலும் தமிழாக்க முடியாது, திரையில் தப்பாகத் தெரிவதை எப்போது வேண்டுமானாலும் சரி செய்யலாம். இந்த வரிசைக்கு அதுதான் காரணம்.

இன்னொன்று. எந்தக் கட்டத்திலும் நாம் எழுத்தை மாற்றப் போவதில்லை. ‘இங்கே வருவது யூடிஎஃப்-8’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் அறிவிக்கப் போகிறோம், அவ்வளவுதான். யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் குறியாக்க முறை. மாற்றும் ஃபங்ஷன் ஒன்று தேவைப்படுகிறது என்றால் எங்கோ அறிவிப்பு விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த விலை ஹோஸ்டிங்கில் கிடைப்பது பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் என்பதால் அவற்றை வைத்தே சொல்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

முதலில் டேட்டாபேஸின் நகல். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து, மைஎஸ்கியூஎல் டம்ப் கட்டளைக்குப் பின்னால் அம்புக்குறி போட்டுக் கோப்பில் சேமிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் அந்தக் கோப்பை யூடிஎஃப்-16 ஆக எழுதிவிடும். திரும்ப ஏற்றும்போதுதான் நகலே வீண் என்பது தெரியும். அம்புக்குறியை விட்டுவிட்டு ‘ரிசல்ட் ஃபைல்’ என்ற தேர்வைக் கொடுத்து எடுங்கள். எடுத்ததை வேறொரு காலி டேட்டாபேஸில் ஏற்றி ஒரு தமிழ்ப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

அடுத்து எடிட்டர். எல்லா நிரல் கோப்புகளும் யூடிஎஃப்-8 ஆக, பிஓஎம் இல்லாமல் சேமிக்கப்பட வேண்டும். பிஓஎம் என்பது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் மூன்று பைட். பிஎச்பி கோப்பில் அது இருந்தால், ஹெடர் அனுப்பும் முன்பே அந்த மூன்று பைட் வெளியே போய், ‘ஹெடர் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது’ என்ற எச்சரிக்கை வரும். காரணம் தெரியாமல் அரை நாள் போகும்.

மூன்றாவதாக, தமிழ்க் கீபோர்டு உள்ள ஒரு ஆண்ட்ராய்டு போனும் ஒரு கணினியும். படிவத்தை நிரப்புபவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் நின்றபடி போனில் தட்டுவார்கள், மீதிப் பேருக்கு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் கணினியில் தட்டித் தருவார். இரண்டும் வேறு வேறு விதமாக எழுத்தை உள்ளே அனுப்பும்.

2. சோதனைச் சொல்: கோத்தகிரி

‘சோதனை’, ‘அஆஇ’ என்று தட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு. நான் எங்கும் பயன்படுத்தும் சொல் கோத்தகிரி. நாம் எண்ணினால் ஐந்து எழுத்து: கோ, த், த, கி, ரி. யூனிகோடில் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் உண்டு, அந்தக் கணக்கில் ஒன்பது குறியெண்: க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி. யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 27 பைட்.

படிவம் வழியாக இந்தச் சொல்லை அனுப்பிவிட்டு, டேட்டாபேஸில் அந்த வரிக்கு இரண்டு எண்களைக் கேளுங்கள். ‘லெங்த்’ பைட் கணக்கைச் சொல்லும், ‘கேர் லெங்த்’ குறியெண் கணக்கைச் சொல்லும். திரையில் தெரிவதை நம்பாதீர்கள். இந்த இரண்டு எண்ணையும் நம்புங்கள்.

27, 9 என்று வந்தால் எல்லாம் சரி.

9, 9 என்றால் உள்ளே இருப்பது ஒன்பது கேள்விக்குறி. எழுத்து போய்விட்டது.

27, 27 என்றால் பைட்டுகள் சரி, ஆனால் அந்தப் பத்தி (டேபிளின் நெடுவரிசை) லத்தீன் (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய ஒரு பைட் குறியாக்கம்) என்று பெயரிடப்பட்டிருக்கிறது.

54க்கு மேல் ஒரு எண், கூடவே 27 என்றால் இரட்டைக் குறியாக்கம். ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை யாரோ லத்தீன் என்று நினைத்து மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள்.

63, 63 என்றால் பக்கத்தின் அறிவிப்பு தப்பு. விவரம் ஐந்தாம் பகுதியில்.

30, 10 என்றால் ஓகாரக் குறி இரண்டாக உடைந்து வந்திருக்கிறது. ஆறாம் பகுதியில் பார்ப்போம்.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு மறுபடி இந்தச் சொல்லை அனுப்பிப் பார்க்க வேண்டும். மூன்று மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கூடவே சில துணைச் சொற்கள்: நடுஹட்டி, ஜெகதளா, லக்ஷ்மி, கௌரி, ஸ்ரீ, ம. பெள்ளி, அப்புறம் ஒரு இமோஜி. ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. எல்லையோரக் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆட்களும் நிரப்புவார்கள் என்றால் ஒரு மலையாளப் பெயரையும் ஒரு கன்னடப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. டேட்டாபேஸ், டேபிள், பத்தி

மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் இருப்பது முழு யூடிஎஃப்-8 அல்ல, ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் அது ஏற்கும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட் போதும் என்பதால் முதல் சோதனையில் வித்தியாசமே தெரியாது. யாராவது முகவரிக் கட்டத்தில் ஒரு இமோஜி போட்டதும் அந்தப் பதிவே நிற்கும். அதனால் ‘யூடிஎஃப்8எம்பி4’ மட்டும். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் அதுவே இயல்பு, பழைய சர்வரில் நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டிய இடம் மூன்று: டேட்டாபேஸ், டேபிள், பத்தி. டேட்டாபேஸின் இயல்பை மாற்றினால் இனிமேல் உருவாகும் டேபிள்களுக்குத்தான் பொருந்தும், இருக்கிற டேபிள் பழையபடியே இருக்கும். டேபிளின் இயல்பும் அப்படித்தான், இருக்கிற பத்தியைத் தொடாது. புதிதாக வருபவர்கள் மேலே மாற்றிவிட்டு ‘நான்தான் மாற்றினேனே’ என்று உட்கார்ந்திருப்பது இங்கேதான். ‘ஷோ கிரியேட் டேபிள்’ போட்டுப் பத்தி பத்தியாகப் பாருங்கள்.

காலி டேபிள் என்றால் ‘கன்வெர்ட் டு’ கட்டளையால் ஒரே அடியாக மாற்றலாம். உள்ளே தகவல் இருந்தால் நிறுத்துங்கள். 27, 27 வகைத் தகவல் மேல் அந்தக் கட்டளையை ஓட்டினால் அது இரட்டைக் குறியாக்கமாகிவிடும். பதினோராம் பகுதியைப் படித்த பிறகு தொடுங்கள்.

பழைய சர்வரில் மாற்றும்போது ‘கீ நீளம் அதிகம், எல்லை 767 பைட்’ என்று பிழை வரலாம். இன்டெக்ஸ் உள்ள 255 எழுத்துப் பத்தி, நாலு பைட் கணக்கில் 1020 பைட் ஆகிவிடுவதால் வருவது இது. 191 என்று குறைத்தால் 764 பைட்டில் அடங்கும். இணையத்தில் பலருடைய டேபிள்களிலும் 191 என்ற விசித்திர எண் இருப்பது இதனால்தான்.

ஸ்ட்ரிக்ட் மோடை அணைக்காதீர்கள். அது இருந்தால், பொருந்தாத எழுத்து வரும்போது மைஎஸ்கியூஎல் பிழை சொல்லி நிறுத்தும். அணைத்துவிட்டால் சத்தமில்லாமல் கேள்விக்குறி போட்டுக்கொள்ளும். பிழைச் செய்தி தொல்லையாக இருக்கிறதென்று அணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பிறகு உறுப்பினர் பட்டியலையே தொலைக்கிறார்கள்.

4. கனெக்ஷன்: அதிகம் பேர் வழுக்கும் இடம்

டேபிள் சரி, பக்கம் சரி, இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு மட்டும் லத்தீன் என்று நினைத்துக்கொண்டிருக்கும். டேட்டாபேஸோடு இணைய பிஎச்பியில் பிடிஓ, மைஎஸ்கியூஎல்ஐ என்று இரண்டு வழி. பிடிஓ பயன்படுத்தினால் இணைப்பு வரியிலேயே சார்செட்டை, அதாவது குறியாக்கத்தின் பெயரை, சேர்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல்ஐ என்றால் இணைந்த அடுத்த வரியிலேயே ‘செட் சார்செட்’ மெத்தட். டேட்டாபேஸுக்கு முதல் கேள்வி (குவெரி) போவதற்கு முன் இது நடந்தாக வேண்டும்.

‘செட் நேம்ஸ்’ என்ற எஸ்கியூஎல் கட்டளையும் வேலை செய்வதுபோல் இருக்கும். ஆனால் அது சர்வருக்கு மட்டும்தான் சொல்கிறது. பிஎச்பி பக்கத்து நூலகத்துக்குத் தெரியாது, அதனால் மேற்கோள் குறிகளைப் பாதுகாக்கும் ஃபங்ஷன் பழைய குறியாக்கத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். மெத்தடையே பயன்படுத்துங்கள்.

இங்கே ஒரு பொல்லாத நிலைமை உண்டு. எழுதும்போதும் இணைப்பு லத்தீன், படிக்கும்போதும் லத்தீன் என்றால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு திரையில் ‘கோத்தகிரி’ என்று சரியாகவே தெரியும்! டேட்டாபேஸை நேரடியாகக் காட்டும் பிஎச்பிமைஅட்மின் கருவியில் பார்த்தால் மட்டும், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் குறி என்று ஜோடி ஜோடியாக வரும். எண்ணைக் கேட்டால் 54க்கு மேல், 27.

அப்போது யாராவது விவரம் தெரிந்தவர் வந்து இணைப்பைச் சரி செய்வார். புதுப் பதிவு சரியாக விழும், ஆனால் அதுவரை நன்றாகத் தெரிந்த பழைய பெயர்கள் எல்லாம் திரையில் சிதைந்து தெரியும். ‘நீ கை வைத்ததும் கெட்டுப்போச்சு’ என்று அலுவலகத்தில் சத்தம் வரும், அவரும் பயந்து பழையபடி மாற்றிவிடுவார். அப்படித் திருப்பாதீர்கள். படிவத்தை ஒரு மணி நேரம் மூடி வைத்து, இணைப்பைச் சரி செய்து, பழைய வரிகளை மீட்டு, பிறகு திறங்கள். பாதி வழியில் திறந்துவிட்டால் ஒரே பத்தியில் இரண்டு வகைத் தகவல் கலந்துவிடும்.

5. பக்கமும் ஃபார்மும்

பிரௌசர் படிவத்தை எந்தக் குறியாக்கத்தில் அனுப்பும் என்பதைப் பக்கத்தின் குறியாக்கமே முடிவு செய்கிறது. அதைச் சொல்ல மூன்று இடம் இருக்கிறது, மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டால் இந்த வரிசையில் வெல்லும்: முதலில் கோப்பின் பிஓஎம், அடுத்து சர்வர் அனுப்பும் கன்டென்ட் டைப் ஹெடர், கடைசியாக மெட்டா டேக். மெட்டாவில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவரின் சர்வர், ஹெடரில் ஐஎஸ்ஓ-8859-1 என்று அனுப்பிக்கொண்டிருக்கும். பிரௌசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து ஹெடரைப் பாருங்கள்.

மெட்டா டேக் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நீளமான குறிப்பையோ ஸ்கிரிப்டையோ வைத்துவிட்டால் பிரௌசர் அதைப் பார்க்காமலே போகலாம். ஹெட் திறந்ததும் முதல் வரி அதுதான் என்று பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் லத்தீன் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் தமிழ் தட்டும்போது என்ன ஆகும்? பிரௌசர் எழுத்தைத் தூக்கிப் போடாது. லத்தீனில் இல்லாத ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றி அனுப்பும். ‘த’ என்பதற்கு ஆம்பர்சண்ட், ஹாஷ், 2980, அரைப்புள்ளி. ஒரு குறியெண்ணுக்கு ஏழு எழுத்து, ஒன்பதுக்கு 63. அதுதான் அந்த 63, 63.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து வேறு. திரையில் அப்படியே எண் எண்ணாகத் தெரிகிறதே என்று பார்த்து, அச்சிடும் இடத்தில் உள்ள ‘எச்டிஎம்எல் ஸ்பெஷல் கேர்ஸ்’ ஃபங்ஷனை எடுத்துவிடுவார்கள். உடனே தமிழ் அழகாகத் தெரியும். கூடவே, பெயர்க் கட்டத்தில் யார் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினாலும் அதுவும் ஓடும். பக்கத்தின் அறிவிப்பைத் திருத்துங்கள், பாதுகாப்பு ஃபங்ஷனைத் தொடாதீர்கள்.

பிரௌசர் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொரு கீ அழுத்தும்போதும் சரிபார்த்து, ‘தப்பான’ எழுத்தை அழிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தமிழ்க் கீபோர்டில் எழுத்து பல அழுத்தங்களில் உருவாகும், ஆண்ட்ராய்டில் பல நேரம் எந்தக் கீ என்பதே தெரியாமல் 229 என்ற ஒரே எண்தான் வரும். பாதி உருவான எழுத்தை ஸ்கிரிப்ட் அழித்துவிட்டால் ஆளால் பெயரையே முடிக்க முடியாது. கட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகோ அனுப்பும்போதோ சரிபார்த்தால் போதும்.

6. சர்வரில் வாங்கும் இடம்

வந்த எழுத்தின் மேல் மூன்று வேலை, இந்த வரிசையில்.

முதலில் அது ஒழுங்கான யூடிஎஃப்-8தானா என்று ‘எம்பி செக் என்கோடிங்’ கொண்டு பாருங்கள். இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். சரி செய்ய முயல வேண்டாம். ‘யூடிஎஃப்8 என்கோட்’ என்ற ஃபங்ஷன் பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். அது லத்தீன் எழுத்தை யூடிஎஃப்-8 ஆக்குவது, ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருப்பதன் மேல் போட்டால் இரட்டைக் குறியாக்கம். பிஎச்பி 8.2 முதல் அதைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது, என்எஃப்சி என்ற வடிவத்துக்குச் சீராக்குவது. ‘கோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான். டேட்டாபேஸுக்கு வேறு வேறு சொல். ஒகரம், ஔகாரம் இரண்டுக்கும் இதே கதை. பழைய ஃபாண்ட்டிலிருந்து மாற்றி ஒட்டப்பட்ட பெயர்கள் இப்படி உடைந்து வருவது உண்டு. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிஎச்பியில் ‘ஐஎன்டிஎல்’ நீட்சியின் ‘நார்மலைசர்’, பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’, ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’. முதல் வேலையை முதலில் செய்யச் சொன்னது ஏனென்றால், ஒழுங்கற்ற பைட் வந்தால் நார்மலைசர் எழுத்துக்குப் பதில் ‘ஃபால்ஸ்’ தரும், பெயர் காலியாகப் பதிவாகும்.

மூன்றாவது, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்குவது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும் பெயர்களில் சாதாரண ஸ்பேஸ் அல்லாத இடைவெளிகளும் வரும், வெறும் ‘ட்ரிம்’ அவற்றை விட்டுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களை (ஜீரோ விட்த் ஜாயினர், நான்-ஜாயினர் என்ற இரண்டு) மட்டும் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். தமிழில் க், ஷ இரண்டும் சேராமல் நிற்க ஒன்று பயன்படுகிறது. மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு 2008இல்தான் யூனிகோடில் தனிக் குறியெண் வந்தது. அதற்கு முந்தைய முறையில் எழுதியவை இணைப்பானை நம்பியே நிற்கின்றன. அழித்தால் கூடலூர்க்காரர் பெயர் அவர் கண்முன்னேயே மாறிவிடும்.

ஜாவா சர்வ்லெட் எழுதுபவர்களுக்கு ஒரு வரி: குறியாக்கத்தை அறிவிக்கும் மெத்தடை, முதல் பராமீட்டரைப் படிப்பதற்கு முன் அழைக்க வேண்டும். ஒன்றைப் படித்துவிட்ட பிறகு அழைத்தால் பலன் இல்லை, பிழையும் வராது.

7. சரிபார்ப்பு விதிகள்

‘பெயரில் எழுத்து மட்டும்’ என்ற விதியை ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கும் விதிமொழி) எழுதும்போது யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் போடுகிறார்கள். நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. விளைவு: ‘கமல’ ஏற்கப்படும், ‘கோத்தகிரி’ மறுக்கப்படும். ‘சிறப்புக் குறியீடுகள் கூடாது’ என்று செய்தி வேறு. பாவம், அந்த ஆள் என்ன குறியீடு போட்டோம் என்று முழித்துவிட்டு ஆங்கிலத்தில் தட்டிவிட்டுப் போவார். எழுத்து, குறி இரண்டு வகையும், கூடவே இடைவெளி, முற்றுப்புள்ளி, இரண்டு இணைப்பான்கள், இவ்வளவும் வேண்டும். யூனிகோட் கொடியையும் (‘யூ’ ஃப்ளாக்) மறக்காமல் போடுங்கள்.

சிலர் அனுமதிக்கும் எழுத்துகளைக் கையால் பட்டியலிடுவார்கள், அதில் ஹ, ஜ, ஸ, ஷ விடுபடும். நீலகிரியில் இது ஓடாது. படுக ஊர்ப் பெயர்களில் பல ‘ஹட்டி’யில் முடிகின்றன.

ஊர்ப் பெயரைத் தட்டச் சொல்லாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்லது. உதகை, ஊட்டி, உதகமண்டலம் என்று மூன்றாக வருவதை எந்தக் குறியாக்கமும் தடுக்காது. பட்டியலில் காட்டுவது தமிழாகவும், அனுப்பும் மதிப்பு ஓர் எண்ணாகவும் இருக்கட்டும்.

8. நீளக் கணக்கு

எச்டிஎம்எல் படிவத்தின் ‘மேக்ஸ்லெங்த்’ தமிழ் எழுத்தை எண்ணுவதில்லை, கோத்தகிரிக்கு அது சொல்வது 9. மைஎஸ்கியூஎல்லின் பத்தி நீளமும் குறியெண் கணக்கே. ஆங்கிலப் பெயருக்கு 30 போதும் என்று வைத்தவர்கள் தமிழில் தந்தை பெயரும் ஊரும் சேரும்போது மாட்டிக்கொள்வார்கள். பெயருக்கு 150 வையுங்கள், இடம் ஒன்றும் குறைந்துவிடாது.

வெட்டுவதுதான் பெரிய தொல்லை. பைட் கணக்கில் வெட்டும் ‘சப்ஸ்டர்’ எழுத்தின் நடுவில் வெட்டும். அப்படி உடைந்த பெயரை ‘எச்டிஎம்எல் ஸ்பெஷல் கேர்ஸ்’ ஃபங்ஷனிடம் கொடுத்தால், பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில் அது வெற்றுச் சொல்லைத் தரும். பட்டியலில் அந்த ஆளின் இடம் காலியாக இருக்கும், பிழைச் செய்தி இருக்காது. ‘எம்பி சப்ஸ்டர்’ அந்த அளவு மோசமில்லை, ஆனால் எட்டில் வெட்டினால் ‘கோத்தகிர’ என்று நிற்கும். ‘கிராஃபீம் சப்ஸ்டர்’ நாம் எண்ணும் எழுத்தாக வெட்டும், க்ஷ மாதிரியானவற்றை மட்டும் இரண்டாக எண்ணும். திரையில் இடம் பற்றவில்லை என்றால் சிஎஸ்எஸ்ஸால் மறையுங்கள், தகவலை வெட்டாதீர்கள்.

9. தேடல்

கௌரியைத் தேடினால் கிடைக்காது, ஆனால் பட்டியலில் கண்ணெதிரே இருப்பார். ஔகாரக் குறிக்குப் பதில் ‘க’வுக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’வைத் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுதான். என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் ‘ள’ ஒரு முழு எழுத்து.

அப்படியானால் ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ‘ள’ வந்தால் ஔகாரக் குறியாக்கிவிடலாம் என்று தோன்றும். செய்தீர்களானால் பெள்ளி, வெள்ளியங்கிரி எல்லாம் சிதையும். எதிர்த்திசையில் செய்யுங்கள்: தேடலுக்கென்று தனியாக ஒரு பத்தி வைத்து, அதில் மட்டும் ஔகாரக் குறியை ஒற்றைக்கொம்பு, ‘ள’ என்று மாற்றிப் போடுங்கள். தேட வரும் சொல்லுக்கும் அதே மாற்றம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடுவதால் எப்படித் தட்டியிருந்தாலும் கிடைக்கும், அசல் பெயர் அசல் பத்தியில் பத்திரமாக இருக்கும்.

ஸ்ரீக்கும் இதே வைத்தியம். அதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். தேடல் பத்தியில் ஒன்றாக்குங்கள். இணைப்பான்களை அழிக்க வேண்டிய இடமும் இந்தப் பத்திதான்.

உறுப்பினர் எண் மாதிரி இரண்டு முறை வரக்கூடாத பத்திகளில் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பைனரியாக வையுங்கள். மற்ற பத்திகளுக்கு, புள்ளியில் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களைப் போட்டு அவற்றை ஒன்றென்று சொல்கிறதா என்று சோதித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

10. வெளியே போகும் வழி

எக்செல்லுக்கு சிஎஸ்வி கொடுத்தால் தலையில் பிஓஎம் சேர்த்துக் கொடுங்கள். நிரல் கோப்பில் வேண்டாம் என்ற அதே மூன்று பைட், 239, 187, 191, இங்கே வேண்டும். இல்லையென்றால் எக்செல் அதை விண்டோஸின் பழைய குறியாக்கமாகத் திறந்துவிடும். அலுவலகத்தில் ஒருவர் திறந்து, திருத்தி, வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்து உங்களிடமே திருப்பி அனுப்பினால் எல்லாம் கேள்விக்குறி. திருத்தித் திரும்பி வர வேண்டிய கோப்பு என்றால் சிஎஸ்வியே வேண்டாம், எக்செல் கோப்பாகவே கொடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் தமிழ் என்றால் ஒரு செய்திக்கு 70 குறியெண், நீண்டு உடைந்தால் துண்டுக்கு 67. ‘கோத்தகிரி’ மட்டுமே ஒன்பதைத் தின்றுவிடும். வாசகத்தை எழுதும் முன்பே எண்ணிப் பாருங்கள், இரண்டு செய்திக் காசு போகும்.

பிடிஎஃப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அது குறியாக்கப் பிழை அல்ல. அந்த நூலகத்துக்கு எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. நூலகத்தை மாற்றுங்கள், டேட்டாபேஸைத் தொடாதீர்கள்.

11. ஏற்கெனவே கெட்டுப்போன தகவல்

படிவத்தை மூடி, நகல் எடுத்து, ஒரு நகல் டேபிளில் வேலை செய்யுங்கள். வரிகளை முதலில் வகை பிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போட்டால் நல்ல வரிகளும் கெடும்.

27, 27 வகைக்கு, பத்தியை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றுங்கள். நடுவில் பைனரி ஆக்குவதால் மைஎஸ்கியூஎல் பைட்டுகளை மொழிபெயர்க்காமல் பெயரை மட்டும் மாற்றும்.

இரட்டைக் குறியாக்க வகைக்கு, மதிப்பை லத்தீனாக ‘கன்வெர்ட்’ செய்து, பைனரியாக ‘காஸ்ட்’ செய்து, யூடிஎஃப்8எம்பி4 ஆக மறுபடி ‘கன்வெர்ட்’. சாய்கோடு ஏ, வட்ட ஆர் ஜோடி உள்ள வரிகளுக்கு மட்டும் இதை ஓட்டுங்கள். இதை மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே செய்ய வேண்டும், வெளியே எடுத்து வேறு கருவியில் செய்யக்கூடாது. விண்டோஸ் 1252 குறியாக்கத்தில் ஐந்து பைட்டுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. மைஎஸ்கியூஎல்லின் லத்தீன் அவற்றையும் தக்கவைக்கும், பல கருவிகள் தூக்கிப் போட்டுவிடும். அந்த ஐந்தில் நாலு, புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட். புள்ளியும் உகரமும் போன தமிழ்ப் பட்டியலை நினைத்துப் பாருங்கள்.

63, 63 வகைக்கு ‘எச்டிஎம்எல் என்டிட்டி டிகோட்’ போதும். ஆனால் பத்தி நீளம் 50 என்று இருந்து, ஸ்ட்ரிக்ட் மோடும் அணைந்திருந்தால், அந்தப் பெயர் ஏழாவது குறியெண்ணோடு வெட்டுப்பட்டிருக்கும்.

பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்ட்டில் தட்டி ஒட்டியவை தனி வகை. உள்ளே இருப்பவை உண்மையில் வேறு எழுத்துகள், ஃபாண்ட்தான் தமிழாகக் காட்டியது. எந்தக் குறியாக்க மாற்றமும் உதவாது. எந்த ஃபாண்ட் என்று கண்டுபிடித்து அதற்கான மாற்றியில் போட்டு, வந்ததை என்எஃப்சி ஆக்கி, கண்ணால் ஒருமுறை படிக்க வேண்டும்.

மிஞ்சுவது கேள்விக்குறி வரிகள். அவற்றை உறுப்பினர் எண், போன் எண்ணோடு தனிப் பட்டியலாக எடுத்து, காகித விண்ணப்பம் இருந்தால் அதைப் பார்த்தும், இல்லையென்றால் போன் போட்டுக் கேட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றுபவரிடம் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து கொடுக்காதீர்கள். திருத்தும் படிவம் வழியாகவே தட்டட்டும், அப்போதுதான் சீராக்கலும் தேடல் பத்தியும் தானாக நடக்கும்.